வாசல் கதவில் ஒட்டிய பூஜ்யம்

ஆர்லீதா காஸ்கின்ஸ் போன பிப்ரவரியில் காலமானார். வயது எண்பத்தாறு. தேவாலயத்தில் கொடுத்த அச்சுத் தாளில் "நாற்பத்து நான்கு ஆண்டுகள் தன் வாக்குச்சாவடியைக் கட்டிக் காத்தவர், மெரிவெதர் தெருவின் தாய்" என்று போட்டிருந்தார்கள். பாதிரியார் பேசினார், வார்டு தலைவர் பேசினார், எங்கள் தொகுதியின் வாஷிங்டன் காங்கிரஸ் சபை உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து வந்த ஒரு பெண் காகிதத்தைப் பார்த்துப் பேசினாள். தம்பி ஹோரஸின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. தெரிந்தவர்கள் வேண்டுமென்றே விட்டார்கள், மற்றவர்களுக்கு அப்படி ஒருவன் இருந்ததே தெரியாது. எனக்குத் தெரியும். அந்தச் சாவடியில் இருபத்தாறு வருடம் எழுத்தராக உட்கார்ந்தவன் நான். ஆர்லீதாவின் கதையை எழுத எனக்குத் தகுதி இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. இதை எழுதாமல் சாகக் கூடாது என்று தோன்றுகிறது, அவ்வளவுதான்.

அவர் பிறந்தது சவுத் கரோலினாவில். அவருடைய அம்மா அங்கே ஓட்டுப் பட்டியலில் பெயர் எழுதப் போனபோது, மேசைக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்காரன் சட்டப் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கம் படிக்கச் சொன்னானாம். படித்தாராம். "ரொம்ப வேகமாகப் படிக்கிறாய்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டானாம். அந்த அம்மா 1941-இல் மகளைக் கூட்டிக்கொண்டு பிலடெல்பியாவுக்கு ரயிலேறினார். ஹோரஸ் இங்கே வந்த பிறகு பிறந்தவன். அவனுக்கு ஒன்பது வயதாகும்போது அம்மா சலவை நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே சுருண்டு விழுந்து போய்ச் சேர்ந்தார். அப்பன் அதற்கு முன்பே காணாமல் போயிருந்தான். இருபத்தொரு வயது ஆர்லீதா தொப்பித் தொழிற்சாலையில் தையல் வேலை பார்த்து, தம்பியைக் குளிப்பாட்டி, அடித்து, படிக்க வைத்து ஆளாக்கினார். ஒரு மாப்பிள்ளை வந்தான். "பையனை உன் சித்தி வீட்டில் விட்டுவிடேன்" என்றான். மாப்பிள்ளையைத்தான் விட்டார்.

1958-இல் கட்சியின் வார்டு ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். அப்போது எங்கள் தொகுதியிலிருந்து வாஷிங்டனுக்குப் போயிருந்த உறுப்பினர் ஒரு வெள்ளைக்காரர். ஆற்றோரம் பெரிய வீடு. அவர் முகத்தைச் சுவரொட்டியில் பார்த்ததோடு சரி. தெரு மட்டும் எங்கள் கறுப்பு ஆட்களால் நிரம்பிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு கதவையும் தெரிந்த ஒருவர் கட்சிக்குத் தேவைப்பட்டார். ஆர்லீதாவுக்கு எல்லாக் கதவும் தெரியும். யார் எந்த ஷிப்டு, யார் ஆஸ்பத்திரியில், யார் வீட்டு நிலவறையில் சாக்கடைத் தண்ணீர் ஏறியிருக்கிறது, யாருடைய மகன் ஜாமீனுக்குக் காத்திருக்கிறான், எல்லாம் விரல் நுனியில். சாக்கடைக்கு ஆள் வரவைப்பார், ஜாமீனுக்கு வக்கீலைப் பிடிப்பார். பதிலுக்கு, வருடத்தில் இரண்டு நாள் அவர் கதவைத் தட்டினால் செருப்பை மாட்டிக்கொண்டு வர வேண்டும்.

வருவது அவர் வீட்டுக்குத்தான். எங்கள் ஊரில் முடிதிருத்தும் கடையில் ஓட்டுப் போடுவார்கள், வண்டி நிறுத்தும் கொட்டகையில் போடுவார்கள், வீட்டு முன்னறையிலும் போடுவார்கள். எங்கள் சாவடி ஆர்லீதாவின் முன்னறை. முந்தின நாள் லாரியில் இயந்திரம் வரும். ஆள் உயர இரும்பு, திரை போட்டது. கதவைக் கழற்றினால்தான் உள்ளே போகும். சோபா சமையலறைக்குப் போய்விடும். உள்ளே போய்க் கைப்பிடியை இழுத்தால் திரை மூடும், பெயருக்கு மேலே இருக்கும் சின்ன விசையைத் தட்ட வேண்டும், மறுபடி இழுத்தால் ஓட்டு பதிவாகித் திரை திறக்கும். வெளியே வந்தவர்களுக்குப் பொரித்த கோழியும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு அப்பமும் தயாராக இருக்கும். அடுப்பங்கரையிலிருந்தே கத்துவார்: "கையைத் தொடைச்சிட்டுப் போ, திரையில எண்ணெய் ஆக்காத!"

1974-இல் எங்கள் நிறத்தில் ஒருவர் முதல்முறையாக அந்தத் தொகுதியில் ஜெயித்தார். அன்று ஆர்லீதா இயந்திரத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அம்மாவை நினைத்து அழுதார். அந்த அழுகையில் துளிப் பொய் இல்லை, அதை நான் எங்கு வேண்டுமானாலும் சொல்வேன். அதன் பிறகு அந்த மெம்பர் அசையவே இல்லை. மக்கள்தொகைக் கணக்கு எடுத்து எல்லைகளைத் திருத்தி வரைந்தார்கள், வடக்கே கொஞ்சம் வெட்டினார்கள், மேற்கே கொஞ்சம் ஒட்டினார்கள். மெம்பர் இருந்தார், எங்கள் தெருவும் அவரோடு இருந்தது. நவம்பரில் நடப்பது வெறும் சடங்கு. கட்சிக்குள் மே மாதம் நடக்கும் போட்டிதான் உண்மையான தேர்தல், அதிலும் இருபது வருடம் யாரும் சீரியசாக எதிர்த்து நிற்கவில்லை.

அப்போதுதான் அந்தப் பூஜ்யப் பைத்தியம் பிடித்தது. தேர்தல் முடிந்த மறுவாரம் வார்டு தலைவர் பர்னல் டைட் ஒரு விருந்து வைப்பார். எதிராளிக்கு ஓர் ஓட்டுகூட விழாத சாவடிக்காரர்களுக்கு முதல் மேசை, வெள்ளை விரிப்பு. ஒன்றோ இரண்டோ விழுந்தவர்களுக்குப் பின்வரிசை. ஆர்லீதா பதினேழு வருடம் முதல் மேசையில் உட்கார்ந்தார். எதிராளிக்கு எப்போதாவது ஒன்றிரண்டு விழாமலா இருந்திருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் எழுத்தர்தான், கேட்டதில்லை. அவர் வாசிப்பார், நான் எழுதுவேன்.

1994 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆர்லீதா சமையலறையில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார், நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஹோரஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றான். உயர்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். ஐம்பத்தொரு வயது. என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன்.

"அக்கா, நான் நிக்கப் போறேன்."

"எங்க, பஸ் ஸ்டாப்புலயா?"

"மெம்பருக்கு எதிரா. மே மாசம்."

ஆர்லீதா கத்தியை நிறுத்தவில்லை. "லெவி, இவன் காலையிலயே ஊத்திக்கிட்டானா, கொஞ்சம் மோந்து பாரு."

"குடிக்கல அக்கா. ஆஸ்பத்திரியை மூடிட்டாங்க. என் கிளாஸ் பொண்ணு டானியா, பதினாறு வயசு, மூச்சு முட்டி ஆம்புலன்ஸ்லயே போயிடுச்சு. அது நாலு தெரு தள்ளி இருந்த ஆஸ்பத்திரி. மூடுறப்போ உங்க மெம்பர் எங்க இருந்தாரு? ஒரு வார்த்தை பேசினாரா?"

"உனக்கு வாத்தியார் வேலை வாங்கிக் குடுத்தது யாரு? பர்னல். யாரு முகத்துக்காக? என் முகத்துக்காக."

"அதுக்காக ஆயுசு பூரா வாயைத் தச்சுக்கணுமா?"

"தச்சுக்கச் சொல்லல. நில்லு, உன் இஷ்டம். ஆனா என் வாசப்படியில நான் மெம்பர் பேரு போட்ட வார்டு சீட்டைத்தான் குடுப்பேன். பர்னலுக்குக் குடுத்துட்ட வாக்கு."

"குடு. நான் எதிர்வாடையில நின்னு என் சீட்டைக் குடுக்கறேன். மத்தியானம் உன் வீட்டுக் கோழி சாப்பிட வருவேன். அதுக்குத் தடை இல்லையே?"

"எலும்பு மிஞ்சும், வா."

மூன்று பேரும் சிரித்தோம்.

தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு பர்னல் டைட் வந்தார். நன்றாக உடுத்துவார், மெதுவாகப் பேசுவார். மிரட்டுகிற ஆள் இல்லை, அதனால்தான் எல்லோருக்கும் பயம்.

"ஆர்லீதா, உன்மேல எனக்குச் சந்தேகமே கெடையாது. ஆனா ஊர் வாயை மூட முடியாது பாரு. வார்டு பூரா உன் சாவடியைத்தான் பாக்குது. சொந்தத் தம்பிக்கு எவ்வளவு விழுதுன்னு எண்ணிக்கிட்டு இருக்கானுங்க. இத்தனை வருஷம் கழிச்சு உன்னை ஒருத்தன் ரெண்டு மனசுக்காரின்னு சொல்லிட்டா எனக்கே கஷ்டமா இருக்கும்."

"யாரும் சொல்ல மாட்டாங்க" என்றார் ஆர்லீதா.

தேர்தலன்று மழை. ஹோரஸ் சொன்னபடியே எதிர்வாடையில் குடை பிடித்து நின்றான். மதியம் வந்து கோழி சாப்பிட்டான். அவன் மனைவி நோரீனோடு வரிசையில் நின்று, தான் வளர்ந்த அதே முன்னறையில், திரைக்குள் போய் ஓட்டுப் போட்டான். வெளியே வந்து "திரை கொஞ்சம் கிழிஞ்சிருக்கு அக்கா" என்றான். ஆர்லீதா தைக்க நேரமில்லை என்றார்.

இரவு எட்டு மணிக்குச் சாவடி மூடியது. மே மாதம், இன்னும் வெளிச்சம் இருந்தது. மற்றக் கட்சிக்கு ஆள் கிடைக்காததால் அதன் இடத்தில் பெயருக்கு உட்காரும் எங்கள் கட்சிக்காரர் திருமதி டாலிவர் கால் வலி என்று ஆறு மணிக்கே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார், எப்போதும் போல. நானும் ஆர்லீதாவும்தான். இயந்திரத்தின் முதுகைத் திறந்தார். உள்ளே ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சின்ன எண் சக்கரம் இருக்கும். குனிந்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் குனிந்தே இருந்தார்.

"மெம்பர், எரநூத்திப் பதினேழு" என்றார்.

என் பேனா நின்றுவிட்டது. அன்று ஓட்டுப் போட வந்தவர்களே இருநூற்றுப் பதினேழு பேர். கையெழுத்துப் புத்தகம் என் முன்னால் இருந்தது.

"ஹோரஸ் காஸ்கின்ஸ்... சைபர்."

எழுந்து அவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். மெம்பருக்கு இருநூற்று ஆறு. ஹோரஸுக்குப் பதினொன்று. அந்தப் பதினொன்றில் ஒன்று நான் போட்டது. என் பள்ளித் தோழன், நல்லவன், அந்த டானியாவின் சாவுக்கு நானும் போயிருந்தேன். திரைக்குள் யாரும் பார்க்கவில்லை, தட்டிவிட்டு வந்தேன்.

"மிஸ் ஆர்லீதா, இங்க பதினொண்ணு இருக்கே."

"உனக்குக் கண்ணு மங்கிப்போச்சு."

"வேணாங்க. அவன் ஓட்டு ஒண்ணு, நோரீன் ஓட்டு ஒண்ணு. அந்த ரெண்டையாவது விட்டுடுங்களேன்."

"அரைகுறையா நான் எதையும் செஞ்சதில்லடா. ரெண்டை விட்டா, தம்பிக்கு ரெண்டு வெச்சிருக்கா பாரும்பானுங்க. எழுது."

எழுதினேன். பயந்து எழுதினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பயமில்லை, பழக்கம். பதினெட்டு வருடம் அவர் வாசித்ததை எழுதிய கை, அன்றும் எழுதியது. பொய் சொல்வதற்கும் ஒரு கணக்கு வேண்டும். பத்தை எடுத்து ஒன்றை விட்டிருந்தால்கூட ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் பூஜ்யத்தைத் தவிர வேறு எண்ணே பிடிக்காத அளவுக்கு அந்த முதல் மேசை அவரைக் கெடுத்திருந்தது. எழுதிய தாளின் ஒரு நகலைச் சாவடியின் கதவில் ஒட்ட வேண்டும், அது சட்டம். ஆர்லீதா நான்கு மூலையிலும் டேப் போட்டு, சுருக்கமில்லாமல் தடவி ஒட்டினார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஹோரஸ் பள்ளிக்குப் போகிற வழியில் அக்கா வீட்டு முன்னால் நின்றான். என் வீடு நேர் எதிரே. நான் ஜன்னலுக்குப் பின்னால். அவன் தொகுதி முழுக்க நாற்பதாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் தோற்றிருந்தான். அது அவன் எதிர்பார்த்தது. படியேறி அந்தத் தாளைப் படித்தான். பெயரின் மேல் விரலை வைத்து, அப்படியே கோட்டோடு எண் வரைக்கும் நகர்த்தினான். மறுபடி அதேபோல் செய்தான். கதவைத் தட்டுவான் என்று பார்த்தேன். தட்டவில்லை. இறங்கிப் போய்விட்டான்.

மூன்றாம் நாள் ஒரு பத்திரிகைக்காரன் மோப்பம் பிடித்துவிட்டான். 'தன் சொந்தச் சாவடியில் பூஜ்யம் வாங்கிய வேட்பாளர், தனக்கே ஓட்டுப் போட மறந்தாரா?' என்று ஒரு பெட்டிச் செய்தி. வானொலியில் ஒருவன் "கட்டின பொண்டாட்டிகூடப் போடலியே, வீட்டுல சாப்பாடு போடுறாங்களா சார்?" என்று நாள் முழுக்கச் சிரித்தான். பள்ளியில் பிள்ளைகள் கரும்பலகையில் பெரிய வட்டம் வரைந்து வைத்தார்கள். அவனுக்காக நோட்டீஸ் ஒட்டிய பிள்ளைகளே அவனைச் 'சைபர் சார்' என்றார்கள்.

சட்டத்தில் ஒரு வழி இருந்தது. இயந்திரத்தைப் பூட்டிக் கிடங்கில் வைத்திருப்பார்கள், எண் சக்கரங்கள் அப்படியே இருக்கும். அந்தச் சாவடியின் வாக்காளர் மூன்று பேர் கையெழுத்துப் போட்டு ஐந்து நாளுக்குள் மனுக் கொடுத்தால் திறந்து பார்த்தே ஆக வேண்டும். ஹோரஸ் ஒன்று. நோரீன் இரண்டு. இன்னும் ஒன்று.

நான்கு நாள் மாலையில் எங்கள் தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறினான். அவனுக்கு ஓட்டுப் போட்டவர்கள் உள்ளே இருந்தார்கள். ஜன்னல் திரை விலகும், மறுபடி மூடிக்கொள்ளும். திருமதி டாலிவர் மட்டும் கதவைத் திறந்தார்.

"ஹோரஸ் கண்ணு, நான் உனக்குத்தான் போட்டேன், சத்தியமா. ஆனா என் பேரனுக்கு மைதானத்துல வேலை குடுத்தது உங்கக்கா. நான் கையெழுத்துப் போட்டு உங்கக்கா ஜெயிலுக்குப் போனா, நாளைக்கு என் வீட்டுக் கொழாய் ஒடைஞ்சா நான் யாருகிட்டப் போவேன், சொல்லு?"

ஐந்தாம் நாள் காலை என்னிடம் வந்தான். மடித்த மனுவை மேசைமேல் வைத்தான்.

"லெவி, எழுதினது நீ. எத்தனை இருந்துச்சு?"

"அக்கா வாசிச்சாங்க, நான் எழுதினேன்."

"நான் அதைக் கேக்கல."

"நானும் மாட்டிக்குவேன்டா. இன்னும் அஞ்சு வருஷத்துல எனக்குப் பென்ஷன்."

பஸ் ஓட்டுநர் வேலை, நல்ல பென்ஷன். அது பொய்க் காரணம் இல்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அவன் என்னைத் திட்டவில்லை. "சரி, நீயும் வா" என்று என்னைக் கூட்டிக்கொண்டு தெருவைக் கடந்தான்.

ஆர்லீதா முன்னறையில் இருந்தார். இயந்திரம் போய்விட்டது, சோபா பழைய இடத்துக்கு வந்திருந்தது. ஹோரஸ் உட்காரவில்லை.

"அக்கா, நீயும் இந்தச் சாவடி வாக்காளர்தான். போடு கையெழுத்து."

"என்னை நானே ஜெயில்ல போட்டுக்கவா?"

"நான் வக்கீலைக் கேட்டேன். நீயா வந்து எண்ணும்போது தப்பாயிடுச்சுன்னு சொன்னா வேலைதான் போகும், ஜெயிலு இல்ல. அந்த மெம்பரு ஜெயிச்சாரு, அது அப்படியே இருக்கட்டும். எனக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு அக்கா. நானும் என் பொண்டாட்டியும் அன்னைக்கு இந்த ரூமுக்குள்ள வந்தோம்னு எழுதணும். மழையில நனைஞ்சுக்கிட்டு வந்தோம். நீ கோழி போட்ட."

"ஹோரஸ், இந்தத் தெருவுல ஒரு விளக்கு எரியுதுன்னா அது என் பேச்சுக்கு. நான் பொய்க்காரின்னு ஆயிட்டா நாளைக்கு இங்க யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. நூத்திப்பத்து வீடுடா."

"நூத்திப்பத்து வீட்டுல ஒரு வீடு என்னுது."

"உனக்காக நான் என்ன செய்யல? என் வயசை உனக்குத் தின்னக் குடுத்தேன்."

"தெரியும். அதனாலதான் கேக்குறேன். வேற யாரு செஞ்சிருந்தாலும் விட்டுட்டுப் போயிருப்பேன். அம்மாவை அங்க ஒருத்தன் மேசைக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு இல்லாத ஆளாக்கினான். இங்க மேசைக்குப் பின்னாடி நீ உக்காந்திருக்க."

ஆர்லீதா எழுந்து அவன் கன்னத்தில் அறைந்தார். ஐம்பத்தொரு வயது ஆளை. அறைந்துவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஹோரஸ் மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். மனு வாங்கும் அலுவலகம் அன்று ஐந்து மணிக்கு மூடியது.

பள்ளி ஆண்டு முடிந்ததும் அவனும் நோரீனும் வில்மிங்டனுக்குக் குடிபோனார்கள். ரயிலில் அரை மணிதான். அங்கிருந்து அவன் ஒருநாளும் வரவில்லை. ஆர்லீதா ஒவ்வொரு நவம்பரிலும் நன்றியறிதல் பண்டிகைக்குக் கிழங்கு அப்பம் செய்து என்னிடம் கொடுத்தனுப்புவார். நோரீன் வாசலிலேயே வாங்கிக்கொண்டு நன்றி சொல்வாள். உள்ளே வரச் சொன்னதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. திரும்பி வந்தால் ஆர்லீதா கேட்பார்: "சாப்பிட்டானா?" சாப்பிட்டான் என்பேன். அதுவும் நான் வாய் கூசாமல் சொன்ன பொய்களில் ஒன்று.

அந்தப் பூஜ்யத்துக்காக அவருக்கு முதல் மேசை கிடைத்தது. இன்னும் எட்டு வருடம் கிடைத்தது. 2002-இல் எல்லைகளை மறுபடி வரைந்தார்கள். இந்த முறை கோடு எங்கள் தெருவின் நடுவிலேயே போனது. ஆர்லீதா வீட்டுப் பக்கம் ஒரு தொகுதி, என் வீட்டுப் பக்கம் இன்னொன்று. பர்னல் டைட் அதற்குள் செத்திருந்தார். மெம்பர் ஓய்வுபெற்று ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டார். புது வார்டு தலைவருக்கு நாற்பது வயது. சாவடியைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றுவதாக ஆர்லீதாவுக்குத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. கீழே அச்சடித்த கையெழுத்து. அவர் ஜாமீனில் எடுத்துவிட்ட பையன்கள், வேலை வாங்கிக் கொடுத்த பேரன்கள் எல்லோரும் வேறு பக்கம் போய்விட்டார்கள். தெருவிளக்கு அணைந்தால் மூன்று மாதம் அணைந்தே கிடந்தது.

2011-இல் ஹோரஸ் போனான். இதயம். நான்தான் ஆர்லீதாவைக் காரில் கூட்டிப் போனேன். நோரீன் தடுக்கவில்லை, கட்டிப் பிடிக்கவும் இல்லை. அடக்கம் முடிந்து தேவாலய நிலவறையில் சாப்பாடு போடும்போது ஆர்லீதாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, மிஸ் ஆர்லீதா. இங்க வந்து பதினேழு வருஷத்துல அவரு ஒரு தடவைகூட ஓட்டுப் போடல. ஒபாமா நின்னப்பகூட. ஊரே வரிசையில நின்னு அழுதுச்சு, இவரு மீன் பிடிக்கப் போனாரு. நான் கெஞ்சினேன். 'நான் போட்டா அது விழாது நோரீன்'னாரு. வரலாறு சொல்லிக் குடுத்த மனுசன்."

ஆர்லீதா தட்டைத் தொடாமல் வைத்துவிட்டார்.

திரும்பும்போது மதிய வெயில் கண்ணில் அடித்தது. வழியில் செஸ்டர் ஊரைத் தாண்டியதும் சொன்னார்.

"லெவி, அந்தப் பதினொண்ணுல ஒண்ணு என்னுது."

காரை ஓரம் கட்டினேன்.

"கதவைத் திறந்ததும் மொத ஆளா நான்தானே போடுவேன். திரையை மூடினேன். மெம்பர் பேருக்கு நேரா கையைக் கொண்டு போனேன். பக்கத்துலயே அவன் பேரு அச்சுல இருந்துச்சு. காஸ்கின்ஸ்னு எங்கம்மா பேரு, மெஷின்ல. என்னால முடியலடா. நான் வளத்த பிள்ளை."

"அப்புறம் எதுக்குங்க சைபர்னு வாசிச்சீங்க?"

"வெளிய வந்தா நான் ஆர்லீதா காஸ்கின்ஸ் இல்லையா."

"அதுல ஒண்ணு என்னுதும்தான்" என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு கைப்பையால் என் தோளில் அடித்தார், ஒன்று, இரண்டு, மூன்று. "அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா, நாசமாப் போறவனே! நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மனுவுல கையெழுத்துப் போட்டிருப்பேனேடா!" போட்டிருப்பாரா, எனக்குத் தெரியாது. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் போட்டிருப்பேனா, அதுவும் தெரியாது. சாலை ஓரத்தில் இரண்டு கிழங்களும் உட்கார்ந்து அழுதோம்.

மறு செவ்வாய்க்கிழமை அவர் தேவாலயத்துக்குப் போகிற நீலத் தொப்பியை வைத்துக்கொண்டு தயாராக நின்றார். நகர மன்றத்துக்குப் போனோம். தேர்தல் ஆவணங்கள் இருக்கும் அறையில் கண்ணாடி போட்ட நடுவயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். நல்ல மாதிரி. வருடத்தைச் சொன்னதும் தடிமனான புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தாள். எங்கள் சாவடி. நான் எழுதிய தாளைப் பார்த்துத் தட்டச்சு செய்த எண்கள். இருநூற்றுப் பதினேழு. பூஜ்யம்.

"இது தப்பு கண்ணு" என்றார் ஆர்லீதா. "ஹோரஸ் காஸ்கின்ஸ், பதினொண்ணு. நான்தான் பொய் வாசிச்சேன். திருத்தி எழுதிக்கோ. என்ன தண்டனையோ குடுத்துக்கோ."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"அம்மா, அந்த மெஷினெல்லாம் பழைய இரும்புக்குப் போய் எத்தனையோ வருஷமாச்சு. தண்டனைக்கெல்லாம் காலம் கடந்துடுச்சு. இந்தப் புத்தகத்துல யாரும் கை வைக்க முடியாது, நானே வைக்க முடியாது."

"ஓரத்துல பென்சில்லயாவது எழுதேன்."

"முடியாதும்மா. மன்னிச்சுக்கோங்க. அப்பவே கேட்டிருக்கணும். பெரிய விஷயமே இல்ல, அந்தச் சாவடி வாக்காளருங்க மூணே மூணு பேரு கையெழுத்துப் போட்டிருந்தா மறுநாளே திறந்து பாத்திருப்பாங்க." அவள் உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் கேட்டாள். "பாவம், அவருக்குன்னு அந்தத் தெருவுல மூணு பேருகூடவா இல்ல?"

ஆர்லீதா இரண்டு கையையும் மேசைமேல் ஊன்றிக்கொண்டார்.

"இருந்தோம்" என்றார்.